தண்ணி விழுதா?

தென்காசிப் பக்கம் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரப் பஞ்சம் வரவே வராது. வருஷம் முழுக்க நாம் இருக்கிறோமா செத்தோமா என்று எட்டிப் பார்க்காதவர்கள்கூட, ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஈரமாக வீச ஆரம்பித்ததும் போனை எடுத்துவிடுவார்கள். "வரலாமா?" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். உறவுக்குள் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு. "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று இவன் சொல்லிவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் நிறையச் செருப்பு கிடக்கும்.

மேலகரம் முத்துக்குமாரசாமி அந்தக் கேள்விக்கு ஒருநாளும் 'இல்லை' என்று சொன்னவன் இல்லை. சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைத்தவன், அதுவும் சொந்த வேன். சீசனில் வெளியூர்க்காரர்களை ஏற்றி நாலு காசு பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தக்காரர்களை அடைத்துக்கொண்டு ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அலைந்தான். "பிழைக்கத் தெரியாத மனுசன்" என்று அவன் மனைவி யோகலட்சுமி அப்போதே சொன்னாள். சொல்லிக்கொண்டேதான் வருகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாதமும் கிளறினாள்.

பிறகு ஒரு மழைநாளில் புளியரை வளைவில் லாரி மோதியது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வேனை விற்ற பணம் ஆஸ்பத்திரியோடு சரி. அரசாங்கம் மாதாமாதம் தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை இரண்டாயிரம், ரேஷன் அரிசி, யோகலட்சுமி ஆட்டி விற்கும் இட்லி மாவு. இவற்றை வைத்துக்கொண்டுதான் பிள்ளையில்லாத அந்த இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல காலத்தில் ஒரு வங்கி வலிய வந்து கொடுத்த கிரெடிட் கார்டு மட்டும் பீரோவில் பத்திரமாக இருந்தது.

விபத்துக்குப் பிறகு வந்த முதல் சீசனில் போன் வந்தது. "தண்ணி விழுதா?" அவன் வாய் பழக்கத்தில் "விழுது" என்றது. சொன்ன பிறகு எப்படிப் பின்வாங்குவது? வருகிறவர்கள் இவன் நொடித்துப் போய்விட்டான் என்று உச்சுக்கொட்டிவிடக் கூடாது. வாடகை வேன், மங்குஸ்தான், ரம்புட்டான், பிள்ளைகளுக்குப் பிரானூர் பரோட்டா, ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் கார்டுதான். அடுத்த சீசனுக்கும் அதுதான், அதற்கடுத்த சீசனுக்கும் அதுதான். சந்தனக் கட்டையைத் தேய்த்தால் மணக்கும். கார்டைத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இப்போது வட்டி மட்டுமே மாதத்துக்கு அவன் உதவித்தொகையைப்போல மூன்று மடங்கு. இந்த ஜென்மத்தில் கட்ட முடியாது என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. முட்டாள்தனம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஓட்டை வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு விருந்து வைக்கும் இந்த முட்டாள்தனத்தை, அருவிக்குப் பக்கத்தில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

வசூல்காரர்கள் போனில் எவ்வளவு கத்தினாலும் அவன் தாங்கிக்கொண்டான். ஒன்றை மட்டும் தாங்க முடியவில்லை. கார்டு வாங்கும்போது, தெரிந்தவர் ஒருவர் பெயர் கேட்டார்கள் என்று அக்கா முத்துவடிவின் நம்பரைக் கொடுத்திருந்தான். "கட்டலைன்னா அந்தம்மாவுக்குப் போன் போடுவோம்" என்றார்கள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் அக்காவே போன் போட்டாள்.

"முத்து, தண்ணி விழுதாலே?"

ஜன்னலுக்கு வெளியே சாரல் முருங்கை மரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. காலையில்தான் மெயினருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நாலைந்து பேர் தெருவில் போனார்கள். முத்துக்குமாரசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லக்கா. இந்த வருசம் ஏமாத்திட்டு. வெறும் பாறைதான் தெரியுது."

"சொட்டுத் தண்ணி கூடவா இல்ல?"

"ஆமாக்கா."

"சரிய்யா, ஒடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள். அடுப்படியில் இருந்த யோகலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு மாவு வேலைக்குத் திரும்பினாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவன் அழுதிருப்பான்.

அக்கா வாக்கப்பட்டது கோவில்பட்டி. அந்தக் காலத்தில் அங்கே குழாயில் தண்ணீர் வருவது தேர்த் திருவிழா மாதிரி. அண்டா, குண்டான், சொம்பு வரை நிரப்பி வைத்துக் கஞ்சத்தனமாகச் செலவழிப்பாள். சீசனுக்கு வந்தால் அவ்வளவு வருஷக் கஞ்சத்தனத்தையும் மெயினருவியில் தீர்த்துக்கொள்வாள். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போனால், போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி அலுத்துப்போகும் வரை வெளியே வரமாட்டாள். உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்க வந்து வேனில் ஏறி, "ஒரு வருசத்துக்கு வேண்டியதைக் குளிச்சாச்சுலே" என்பாள். வேன் முழுக்க ஈரத் துணி வாசமும் மிளகாய் பஜ்ஜி வாசமும். பின் சீட்டில் அவள் மகள் ஜெயபிரியா, கொண்டுவந்த துண்டை ஜன்னலில் கட்டிப் பறக்கவிடுவாள். அந்தத் துண்டு படபடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டிய அந்த நாட்களில், தன்னைவிடப் பெரிய பணக்காரன் மேற்குமலைக்கு இந்தப் பக்கம் ஒருவனும் இல்லை என்று முத்துக்குமாரசாமி நிஜமாகவே நம்பினான். இப்போது நினைத்தாலும் அது பொய் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அப்பேர்ப்பட்ட அக்காவிடம்தான் தண்ணீர் இல்லை என்று சொல்லியிருந்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பேராச்சி, தொப்பலாக நனைந்த ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி யோகா, ஒங்க வீட்டுக்குச் சீசனுக்கு ஆள் வந்திருக்கு பாரு. தெரு முக்குல நின்னு வீடு தெரியாம முழிக்குது" என்று விட்டுவிட்டுப் போனாள்.

யோகலட்சுமிக்கு அவனைத் தெரியவில்லை. அதனால் என்ன? சீசனில் முன்பின் தெரியாத முகம் வந்தால், மதினி முத்துவடிவு வீட்டு வகையில் யாராவது இருக்கும் என்பதுதான் கணக்கு. "வாங்க, வாங்க. இப்படி நனைஞ்சிருக்கீகளே" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கையில் சுக்குக் காப்பியைத் திணித்தாள். நாகர்கோவிலில் இருந்து பைக்கில் மழையோடு வந்தவன், பாவம், நடுங்கிக்கொண்டே குடித்தான். குடித்து முடித்த பிறகுதான் சொன்னான்.

"என் பேரு ஜெனோ. கார்டு பாக்கி விஷயமா வந்திருக்கேன்."

ஜெனோ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தான்.

"வாசல்ல நின்னு நாலு பேருக்குக் கேக்க சத்தம் போடுன்னுதான் சார் அனுப்பினாங்க. காப்பியக் குடிச்சுத் தொலைச்சிட்டேன், இனி எப்படிச் சத்தம் போட? ஒரு தேதி மட்டும் சொல்லுங்க. இல்லன்னா உங்க அக்காவுக்கு இப்பவே போன் போடணும்." போனை எடுத்தான்.

"தம்பி, அத மட்டும் செய்யாதீங்க" என்று முத்துக்குமாரசாமி கையெடுத்துக் கும்பிட்டான்.

"போன் எதுக்குய்யா? நானே வந்துட்டேன்லா."

வாசலில் முத்துவடிவு நின்றாள். ஒரு கையில் ஒயர்க்கூடை, மறுகையில் நனைந்த செருப்பு. கழுகுமலை, சங்கரன்கோவில் என்று பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"யாருலே இவரு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னான். வேன் வாடகை, பழம், பரோட்டா, மூன்று சீசன், வட்டி, நேற்றுச் சொன்ன பொய். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துவடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ தண்ணி இல்லன்னு சொன்னதும் ஜெயபிரியா போன்ல படம் காட்டுதா, மெயினருவில பாறையே தெரியாமக் கொட்டுது. எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிட்டு. அப்பா செத்த சேதி சொல்லப் போன் போட்டப்பகூட, அழுதுக்கிட்டே 'தண்ணி நல்லா விழுதுக்கா'ன்னு சொன்னவன்லாலே நீ. அருவிய இல்லன்னு சொல்லுத அளவுக்கு என் தம்பிக்கு என்ன வந்துட்டோன்னுதான் விடியுமுன்ன பஸ் ஏறுனேன்."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். யோகலட்சுமியும் அழுதாள். ஜெனோ எழுந்து வெளியே போவதா உட்கார்வதா என்று தெரியாமல் துண்டை மடித்தான்.

"எங்கிட்டயும் துட்டு இல்ல முத்து" என்றாள் அக்கா. "தீப்பெட்டி ஆபீஸ்ல அத்தான் வாங்குதது மருந்துக்கே சரியாப் போவுது. இந்தக் கடன என்னால அடைக்க முடியாது."

"நீ ஏங்க்கா அடைக்கணும்?" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெகுநாளைக்குப் பிறகு மூச்சு நெஞ்சு வரை போய் வந்தது. ஜெனோவைப் பார்த்துச் சொன்னான்: "தம்பி, யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பயந்தேனோ அவளுக்கே தெரிஞ்சு போச்சு. இனி யாருக்கு வேணும்னாலும் போன் போடுங்க. உதவித்தொகை ரெண்டாயிரம், வேற வரும்படி இல்லன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிருங்க. கேஸ் போட்டாலும் ஜட்ஜ்கிட்ட இதத்தான் சொல்லுவேன்."

"சொல்லுதேன் சார். ஆனா இதோட விடமாட்டாங்க. நான் இல்லன்னா வேற ஆள் வருவாங்க."

"வரட்டும். மழையில வந்தா காப்பி தருவோம்" என்றாள் யோகலட்சுமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ஜெனோவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

கடன் அப்படியேதான் இருந்தது. முத்துவடிவு கூடையிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துத் தம்பியின் உச்சந்தலையில் ஒரு கை வைத்து அறைந்து தேய்க்க ஆரம்பித்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுக்க முடியாமல் அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

ஜெயபிரியா. "மாமாவா? அம்மா வந்து சேந்துட்டாளா? நாங்க ஞாயித்துக்கிழமை கெளம்பலாம்னு இருக்கோம். மாமா, தண்ணி விழுதா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவன் தலையைத் தேய்ப்பதிலேயே கவனமாக இருந்தாள். யோகலட்சுமி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"விழுதும்மா. நல்லா விழுது. ஆனா மாமா கையில காசு இல்ல."

ஒரு நொடிகூட யோசிக்காமல் ஜெயபிரியா வைதாள்.

"காசையா கேட்டேன்? தண்ணி விழுதான்னுதானே மாமா கேட்டேன்."