ஒரு டாலருக்கு இருபது ரூபாய்

ஓய்வு பெற்ற பொருளாதாரப் பேராசிரியர் பஞ்சநதத்திடம் ஒரே ஒரு சொற்பொழிவுதான் இருந்தது. நூலகத் திறப்பு விழா, ரோட்டரி கூட்டம், இழவு வீட்டு நாற்காலி என்று எங்கே வாய் திறந்தாலும் அதுதான் வரும். டாலர் மாற்று விலையை வைத்து இந்தியாவையும் அமெரிக்காவையும் ஒப்பிடுகிறவன் மடையன். திருக்காட்டுப்பள்ளியில் நூற்றைம்பது ரூபாய்க்கு வெட்டும் முடியை அங்கே முப்பது டாலருக்கு வெட்டுகிறார்கள், இரண்டும் முடிதான். அரிசி, வாடகை, பஸ் எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்து, வாங்கும் சக்தியால் அளந்தால், ஒரு டாலர் எண்பத்தைந்து ரூபாய் அல்ல, இருபது ரூபாய். அந்த அளவில் நம் நாட்டின் உற்பத்தி நாலு மடங்கு பெருத்துவிடும். இதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் பெருத்துத் தெரிவார்.

கணக்கில் கோளாறு இல்லை. அவர் அதை மொய் மேசைக்குக் கொண்டுபோனதுதான் கோளாறு.

அவர் மனைவி அகிலாண்டத்தின் தம்பி வைரக்கண்ணு நியூ ஜெர்சியில் இருக்கிறார். பஞ்சநதத்தின் மூத்த மகள் கல்யாணத்தில் ஐந்நூற்றொரு டாலர் மொய் எழுதியவர். இளையவள் தமிழ்நிலாவுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மண்ணியல் படிக்க இடம் கிடைத்ததும், முதல் வருடக் கட்டணம் இருபதாயிரம் டாலரைத் தானே தருவதாகச் சொல்லியிருந்தார். வங்கிக் கடனுக்கு அவள் வாங்கி வந்த விண்ணப்பத்தைப் பஞ்சநதம் கிழித்துப் போட்டார். தாய்மாமன் அமெரிக்காவில் இருக்கும்போது பேராசிரியர் வீட்டுப் பெண் மேனேஜர் முன்னால் போய் நிற்பதாவது.

கோடையில் வைரக்கண்ணு தன் மகளுக்குக் காது குத்த ஊருக்கு வந்தார். வந்த மொய்யைத் திருப்பி எழுதும்போது குறையக் கூடாது, மேலே கொஞ்சம் கூட வேண்டும். இது டெல்டாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். மண்டப வாசலில் மொய் எழுதுகிறவர் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். "பேராசிரியர் பஞ்சநதம், பத்தாயிரத்து நூறு" என்றவர், தன் கண்ணையே நம்பாமல் நோட்டுகளை மறுபடி எண்ணினார். பஞ்சநதம் மைக்கை வாங்கிக்கொண்டார்.

ஐந்நூற்றொரு டாலர், இருபது வீதம் பத்தாயிரத்து இருபது. முறைப்படி மேலே எண்பது ரூபாய் சேர்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, முடிவெட்டில் ஏறி, இரு நாடுகளின் மொத்த உற்பத்தியில் இறங்கும்போது பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது. முப்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க இவ்வளவு படிக்கணுமா என்று ஒருவர் கேட்க, இலைக்கு இலை சிரிப்பு பரவியது.

வைரக்கண்ணு கைகூப்பியபடி நின்றார். "அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதன் பிறகு அவர் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்நிலா இரண்டு முறை நினைவுபடுத்தினாள். கட்டாயம் வருகிறேன் என்றார். வந்தார், கட்டணம் கட்டக் கடைசி நாள் காலையில், வெற்றிலை பாக்குப் பழத்தட்டோடு. தட்டில் ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள்.

"இருபதாயிரம் டாலருங்க அத்தான். இருபது வீதம் நாலு லட்சம். மேல ஒரு ரூபா வச்சிருக்கேன்."

பஞ்சநதம் தட்டைப் பார்த்தார். "மாப்ள, ஃபீஸை அங்கல்ல கட்டணும்?"

"நான் மொய் எழுதின டாலரும் அங்க சம்பாரிச்சதுதாங்களே."

அகிலாண்டம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வைரக்கண்ணு செல்போனை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். "அன்னிக்கு மைக்ல பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மைக் வேணாம், இங்க சொன்னா போதும். இப்பவே முழுசும் கட்டிடுறேன்."

தமிழ்நிலா அப்பாவின் வாயைப் பார்த்தபடி நின்றாள். அந்த வாய் திறந்தது.

"அடிப்படையில, வாங்கும் சக்திங்கிறது ரெண்டு நாட்டு விலைவாசியை..." என்று ஆரம்பித்தது.

அவர் முடிவெட்டுக்கு வருவதற்குள் வைரக்கண்ணு செருப்பு மாட்டியிருந்தார். தமிழ்நிலா வாசல்வரை ஓடினாள். "உனக்குக் குடுத்த வாக்கு தட்டுல இருக்கும்மா" என்று சொல்லிக் காரில் ஏறினார். பல்கலைக்கழகம் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது.

தட்டுப் பணம் வீண்போகவில்லை. அதில் ஒரு பகுதியில் பஞ்சநதம் தன் சொற்பொழிவைப் புத்தகமாக அச்சடித்து, தஞ்சாவூரில் வெளியீட்டு விழாவும் வைத்தார். தமிழ்நிலா அப்போது அங்கே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். பள்ளி விட்டதும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையிலிருந்து பஞ்சநதம் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். அமெரிக்காவை உதறிவிட்டுத் தாய்நாட்டில் தங்கிவிட்ட தன் மகள் என்றார். மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம், அதாவது அறுநூறு டாலர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மிச்சமாகும் ஆயிரம் ரூபாய்க்கு இன்னும் ஐம்பது டாலர்.

"ஆக அறுநூத்தி அம்பது" என்றார்.

கூட்டம் கைதட்டியது. எழுந்து நின்ற தமிழ்நிலா, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.