அம்புக்குறிகள் முட்டிக்கொண்ட மனை

வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்கள் வீட்டு வரைபடத்தோடு மனையின் மட்ட வரைபடத்தையும் கொடுக்க வேண்டும். எந்த மூலை எவ்வளவு உயரம், பெய்கிற மழை எந்த வழியாகத் தெருவுக்குப் போகும், கழிவுநீர்க் குழாய் எங்கே போய்ச் சேரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. சமையலறைக்கு எந்த நிறத்தில் ஓடு பதிக்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. "அது பாட்டுக்குப் போயிடும் மேடம்" என்பார்கள். எங்கே போகும் என்று கேட்டால் ஓரக்கண்ணால் பக்கத்து மனையைப் பார்ப்பார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்குத் 'திருப்பி' என்று பெயர். வைத்தவன் யார் என்றும் தெரியும். அவன் விடுப்பு விண்ணப்பமும் என் வழியாகத்தான் போகிறது.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மாடியறையில் வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். காகிதத்தில் காலியிடம் தெரிந்தால் அவர் கை சும்மா இருக்காது. ஓர் அம்புக்குறி போட்டுவிடும். மேட்டைப் பார்த்துத் தண்ணீர் ஏறுவதாகக்கூட ஒருமுறை போட்டிருக்கிறார். அதனால் அவரை 'அம்பு' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த அம்பு, மழைக்காலம் நெருங்கும் சமயத்தில் இரண்டு வரைபடங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று தையல் கடை நடத்தும் ஒரு அம்மாவுடையது. இன்னொன்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸுடையது. அடுத்தடுத்த மனைகள். தையல்கார அம்மா மனையில் எல்லா அம்புக்குறிகளும் கிழக்கே போயின. கிழக்கே என்ன என்று பார்த்தால் 'காலி மனை' என்று எழுதியிருந்தது. நர்ஸ் மனையில் எல்லா அம்புகளும் மேற்கே போயின. மேற்கே 'காலி மனை.' இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு வீட்டுத் தண்ணீரும் எல்லைக்கோட்டில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு, அந்தக் கோட்டின்மேல் ஆளுக்கொரு மதில் சுவர் வேறு. தெருவில் இருக்கும் ஒரே ஒரு கழிவுநீர் இணைப்பை இரண்டு பேருமே தன்னுடையது என்று காட்டியிருந்தார்கள்.

"இது யார் வரைஞ்சது?"

"நான்தான் மேடம்."

"ரெண்டுமே நீங்கதானே?"

"ஆமா. ஆனா வேற வேற நாள்ல வரைஞ்சேன்."

அவர்கள் கூடப்பிறந்தவர்கள், தையல்கார அம்மா அக்கா, நர்ஸ் தங்கை என்பதை அப்புறம்தான் சொன்னார். அப்பா விட்டுப்போன மனையைச் சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். யாருக்கு எந்தப் பாதி என்று சீட்டுக் குலுக்கியது அக்கா. சீட்டில் ஒன்று மட்டும் ஓரம் மடிந்திருந்தது என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

இரண்டையும் திருப்பி அனுப்பினேன். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. அக்கா தன் மனையை ஒரு சாண் உயர்த்தி வரைந்து அனுப்பினாள், தண்ணீர் தன் பக்கம் வராதாம். செய்தி தங்கை காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? நடுவில் அம்பு இருக்கிறாரே. தங்கை ஒரு முழம் உயர்த்தினாள். அக்கா இரண்டு முழம். ஒவ்வொரு தடவையும் அம்பு புது வரைபடத்தோடும் புதுச் சட்டையோடும் வந்தார். கடைசியாக வந்ததில் அக்கா வீட்டு வாசலுக்குப் போக மாடிப்படி அளவுக்குப் படிக்கட்டு போட வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன். அதற்கும் ஓர் அம்புக்குறி போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று பேரையும் நேரில் வரச் சொன்னேன்.

வந்தார்கள். என் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிதான் உண்டு. அக்கா ஒன்றில் உட்கார்ந்தாள். தங்கை இன்னொன்றை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்பு பீரோவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

ஜன்னலில் ஒட்டியதைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மனையின் நடுவில் இயற்கையாகவே ஒரு பள்ளம் ஓடுகிறது. அது தெருவரைக்கும் போகிறது. நீங்கள் கோடு போட்டுப் பிரித்தது சரியாக அந்தப் பள்ளத்தின் மேல். இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு அதை ஒரே வாய்க்காலாக வைத்துக்கொள்ளுங்கள், கழிவுநீருக்கும் பக்கத்திலேயே ஒரே குழாய் போடுங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று, சுவர் கட்டக் கூடாது.

"சுவர் இல்லாம எப்படி மேடம்? என்னை மாதிரி திருடின்னு பேர் வாங்கினவ வீட்டுப் பக்கத்துல அவங்க பயமில்லாம தூங்க வேணாமான்னு கேளுங்க" என்றாள் அக்கா.

"எனக்கும் சுவர் வேணும். மடிச்ச சீட்டெல்லாம் காத்துல இந்தப் பக்கம் பறந்து வந்துடும்னு சொல்லுங்க" என்றாள் தங்கை.

ஒரு கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் என் மூலமாகப் பேசினார்கள். நான் தபால்காரியாகி வெகு நேரமாகிவிட்டது. சுவர் வேண்டும் என்பதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் பொது வாய்க்காலுக்கு அனுமதி கிடையாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் பொது வாய்க்கால் போட்ட புது வரைபடத்தோடு அக்கா தனியாக வந்தாள். முந்தின நாள் வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டுடறேன் மேடம். வாடகை வீட்டை வித்துட்டாங்க. வருஷக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். தையல் மெஷினையெல்லாம் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் போட்டாத்தான் உண்டு."

"தங்கச்சிகிட்ட சொல்லலாமே."

"அவ ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருக்கா. அவளுக்கு என்ன அவசரம்? நான் போய்க் கெஞ்சணுமா?" வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் சொன்னேன்னு நீங்களும் சொல்லிடாதீங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சட்டத்தில் மனசுக்கு இடமில்லை, இரண்டு கையெழுத்துக்குத்தான் இடம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமான மனையை மழை பெய்யும்போதுதான் போய்ப் பார்ப்பேன். எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். வெயிலில் எல்லா மனையும் யோக்கியமாகத்தான் தெரியும். அந்த வாரமே, பருவத்துக்கு முன்னாடியே ஒரு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் போன் போட்டு வரச் சொன்னேன்.

அக்கா தன் பாதியில் ஒரு குடையோடு, தங்கை தன் பாதியில் ஒரு குடையோடு. நான் நடுவில், முழங்கால்வரை சேற்றோடு. இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் நடுவுக்கு வந்து ஒன்றாகச் சேர்ந்து தெருவைப் பார்த்து ஓடியது.

"பாருங்க" என்றேன். "நானே அளந்துட்டேன். ரெண்டு பாதியும் ஒரே அளவு, ஒரே மட்டம். இதுல எதை எடுக்கறதுக்குச் சீட்டை மடிக்கணும்?"

தங்கை குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மழையில் நனைந்தால் நிதானம் போய்விடும். "அங்க வாடகை வீட்டை வித்துட்டு, வருஷக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இங்க நீங்க சுவருக்கு ஒத்தைக்கால்ல நிக்கிறீங்க" என்று கொட்டிவிட்டேன். அக்கா என்னை எரித்துவிடுவதைப் போலப் பார்த்தாள்.

"இதை ஏன் மேடம் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்று கேட்டாள் தங்கை.

"கேட்டாத்தானே சொல்ல முடியும்னு சொல்லுங்க" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தங்கை பள்ளத்தில் இறங்கி வந்தாள். என் கையிலிருந்த அட்டையை வாங்கி, வரைபடத்தில் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட ஆரம்பித்தாள். அட்டையையும் குடையையும் ஒரே கையில் பிடித்ததில் குடை சரிந்து, காகிதத்தின் மேல் மழை சொட்டியது.

"குடையை நேராப் பிடிடி" என்று அக்கா கத்தினாள். "மை அழிஞ்சா அந்த அம்பு மறுபடியும் பணம் கேப்பான்."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள் தங்கை. ஆனால் குடையை நேராகப் பிடித்தாள். அதற்குள் அக்காவும் இறங்கி வந்து தன் குடையையும் சேர்த்துப் பிடித்தாள். இரண்டு குடையும் காகிதத்துக்கே போய்விட, நான் முழுசாக நனைந்தேன். அன்றைக்கு அனுமதி கொடுத்துவிட்டு, ஜலதோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

வீடுகள் கட்டி முடிந்ததும் கடைசிச் சோதனைக்குப் போக வேண்டும். போனேன். அக்கா வீடு முன்னாடியே தயாராகிவிட்டது. தையல் மெஷின் சத்தம் வாசல்வரை கேட்டது. தங்கை வீட்டுக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்கள். மட்டம் சரி, குழாய் சரி, வாய்க்கால் சரி. சுவர் இல்லை. ஆனால் இரண்டு சமையலறைக் கதவுகளுக்கும் நடுவில், வாய்க்காலின் குறுக்கே ஒரு கல் பலகை கிடந்தது. அது வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாத எதற்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

"இந்தக் கல்லை யார் போட்டது?"

"அவதான் மேடம்" என்றாள் அக்கா.

"நானா? இவதான். காலையில எழுந்து பார்க்கிறேன், கல்லு கிடக்கு" என்றாள் தங்கை.

"பொய். இவ வீட்டு வேலைக்கு வந்த கல்லு அது."

"உன் ஆளுங்கதானே தூக்கிட்டு வந்தாங்க."

பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல சண்டை. இப்போது நேருக்கு நேராகவே போட்டுக்கொண்டார்கள், நடுவில் நான் தேவைப்படவில்லை. கடைசியில், "யாருதுன்னு தெரியாத கல்லை நான் விட முடியாது. அப்புறப்படுத்தச் சொல்லி எழுதிடறேன்" என்று பேனாவைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றார்கள் இரண்டு பேரும்.

குனிந்து பார்த்தேன். கல்லுக்கு அடியில் தண்ணீர் போக இடம் தாராளமாக இருந்தது. வரைபடத்தை அந்தக் கல்லின் மேலேயே விரித்து, எத்தனையோ பேருடைய கோடுகளை அடித்த என் சிவப்புப் பேனாவால் அந்தக் கல்லை வரைந்தேன். அதற்கு அடியில் தெருவைப் பார்த்து ஓர் அம்புக்குறியும் போட்டேன்.