பத்துக்குப் பத்து பொருந்திய அக்கா

1

இந்தக் கதைக்குச் சொந்தக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார். எனக்குத் தலைவலியே அதுதான். செத்துப்போனவரைப் பற்றி எழுதினால் யாரும் வந்து திருத்தம் சொல்ல மாட்டார்கள். இவரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, நான் போனில் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு, "இப்படி நடக்கலையே சார்" என்று பதில் போடுகிறார்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக் அவர். மூன்று வருடத்துக்கு முன் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டபோது, கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே என்னை இறக்கியவர். அன்றிலிருந்து பழக்கம். இந்த வருடத் தொடக்கத்தில், பல் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டரிடம் போனவருக்கு அக்யூட் லுகேமியா என்றார்கள். வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி அதை அடக்கியாகிவிட்டது. ஆனால் திரும்பி வரக்கூடிய சனியன் அது. வருவதற்குள் வேறொருவருடைய ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்லை, ஏற்றியாக வேண்டும். யாருடையதை? இவ்வளவுதான் கதை.

2

தொடக்கம் (முதல் வரைவு): "அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. உலகத்திலேயே அவருக்குப் பொருந்தும் ஒரே ரத்தம் அவளுடையது."

எழுதியதும் எனக்கே புல்லரித்தது. அனுப்பினேன். இரண்டாவது நிமிடம் பதில்: "ஒரே ரத்தம் இல்ல சார். மூணு பேர் இருக்காங்க."

மூன்று பேர்! கதையின் கழுத்தை மருத்துவமே நெரித்தால் நான் எங்கே போய் முறையிடுவது?

சரி, அந்த மூவர். ஒன்று, அக்கா. வயது ஐம்பத்தெட்டு. மெக்கானிக்கின் மனைவி போய்ச் சொன்னதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டாள். இதற்கென்று ஒப்பிட்டுப் பார்க்கும் பத்து அடையாளங்களில் பத்துக்குப் பத்து பொருத்தம். இரண்டு, முன்பின் தெரியாத ஓர் ஆள். கொடையாளர் பதிவேட்டில் கிடைத்தவர், இருபத்தேழு வயது, அவருக்கும் பத்துக்குப் பத்து. ஆனால் அவரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கி முடிக்க இரண்டு மாதமாவது ஆகும். மூன்று, மெக்கானிக்கின் மகள். இருபத்திரண்டு வயது. பெற்ற பிள்ளை என்றால் பாதிப் பொருத்தம்தான்.

(தொப்புள்கொடி ரத்தம் என்று ஒரு வழியும் உண்டு. ஒரு பையில் இருப்பது இவருடைய உடம்புக்குப் போதாது என்று டாக்டர் தள்ளிவிட்டார். கதைக்குள் வரத் துடித்த ஒரு பச்சைக்குழந்தை அங்கேயே வெளியேறியது.)

பாதி என்றால் பாதிப் பலன் என்று எழுதி வைத்திருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பத்தியையே அழித்துவிட்டேன். செல் ஏற்றியபின் கொடுக்கும் மருந்துகள் இப்போது நன்றாக வேலை செய்கின்றனவாம். மகளையும் லேசாக நினைக்க வேண்டாம் என்றார். புதிய செல், புகுந்த உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்கும். பொருத்தம் கூடினால் அந்த ஆபத்து குறையும். ஆனால் சண்டை அறவே இல்லாமலும் போகக் கூடாது. ஒளிந்திருக்கும் மிச்சப் புற்றை அடித்துத் துரத்த வேண்டாமா?

3

இப்போது சண்டைக்கு வருவோம்.

ஒன்பது வருடத்துக்கு முன் அக்காவின் கணவர் ஓய்வு பெற்றார். அவர்களுடைய ஏழாம் மாடி வீட்டில் விருந்து. மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையோடு சீக்கிரமே வந்துவிட்டார். வந்தவர் பேசாமல் உட்கார்ந்தாரா? கை சும்மா இருக்கவில்லை. மொட்டை மாடி இயந்திர அறைக்குள் நுழைந்து லிஃப்டைத் தாங்கும் கயிற்றைத் தடவிப் பார்த்தார். இரும்புக் கயிற்றில் புரி அறுந்திருந்தது. லிஃப்டைப் பூட்டி, 'பழுது' என்று பலகை மாட்டிவிட்டு வந்து காபி குடித்தார்.

எழுபது விருந்தாளிகளும் ஏழு மாடி ஏறினார்கள். அத்தானின் மேலதிகாரி மட்டும் நாலாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்து, பாராட்டுரையைச் சுவரைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்று அக்கா கேட்டாளாம். "நான் பொறுப்பேன்க்கா. கயிறு பொறுக்காதே" என்றாராம் இவர். அதோடு சரி.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு லிஃப்டுக்காகவா கூடப்பிறந்தவள் ஒன்பது வருடம் பேசாமல் இருப்பாள்? வாசகர் நம்புவாரா? ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்குமே என்று எழுதிக் கேட்டேன்.

"மன்னிப்புக் கேட்டா கயிறு நல்லா இருந்துச்சுன்னு ஆயிடும் சார்" என்று பதில் வந்தது.

4

மெக்கானிக்குக்கு முகம் தெரியாத ஆள்மீதுதான் ஆசை. தெரியாதவனிடம் வாங்கிக்கொண்டால் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். ஆனால் இரண்டு மாதம் காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளும் என்றார் டாக்டர். மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். அக்காவின் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை சோதித்துவிட்டு, இவள்தான் என்று முடிவு செய்தார்கள். இவருக்கு வேறு வழியில்லை. "குடுப்பாளான்னு நீங்களே கேளுங்க டாக்டர். நான் கேட்டதாச் சொல்லாதீங்க" என்றார்.

இதற்காகவே நான் ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன்:

"அக்கா கதவைத் திறந்தாள். தம்பியின் மொட்டைத் தலையைக் கண்டதும் அவள் கண்கள்

(போதும். இரண்டு பக்கம் இப்படியே போகிறது. எழுதும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

நடந்தது வேறு. அக்கா வந்தாள். இரண்டு கையிலும் ஊசியோடு, செல்லைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நாலு மணி நேரம் படுத்திருந்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள். தம்பியின் அறை அதே வராந்தாவின் கோடியில்தான். கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்களேன் என்று மெக்கானிக்கின் மனைவி கெஞ்சினாள்.

"பேச மாட்டேன்னுதான் சொன்னேன். குடுக்க மாட்டேன்னு எப்பவாவது சொன்னேனா?" என்றாள் அக்கா. போய்விட்டாள்.

5

செல் ஏற்றி இன்றோடு பதினான்கு நாள். அது உடம்பில் வேர் பிடித்துவிட்டால் இவருடைய ரத்த வகைகூட மாறி அக்காவுடைய வகையாகிவிடுமாம். அதைக் கேட்டதும் எனக்கு எழுதினார்: "இனிமே என் ரத்தமே என்கிட்ட பேசாது சார்."

அதுதான் அவருடைய கடைசிப் பதில். நாலு நாளாகக் காய்ச்சல். நான் அனுப்பும் பக்கங்களுக்குத் திருத்தம் வருவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளணு எண்ணிக்கை ஏற வேண்டும், இன்னும் ஏறவில்லை. அக்கா தினமும் காலையில் மெக்கானிக்கின் மனைவிக்குப் போன் செய்து, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறாள். சொன்னதும் வைத்துவிடுகிறாள்.

முடிவு (அ): எண்ணிக்கை ஏறுகிறது.

முடிவு (ஆ): இதை நான் எழுத மாட்டேன். யாராவது எழுதினால் கையை ஒடிப்பேன்.

முடிவு (இ): பதினைந்தாம் நாள் காலை நர்ஸ் தாளோடு கதவைத் திறந்து

இங்கிருந்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கதை இனிக்க வேண்டும் என்று அக்காவைப் பேச வைத்துவிடாதீர்கள். அவள் இன்னும் இருபது வருடம் அவரோடு பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு அவர் இருக்க வேண்டுமே.