ஒரு ஸ்டூல் கேட்டதற்கு

நான் கேட்டது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். டீக்கடை வாசலில் கேட்பாரற்றுக் கிடக்குமே, அது. அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

துணிக்கடையில் திரைச்சீலைப் பிரிவில் எனக்கு வேலை. பஸ் மோதி வலது தொடையில் கம்பி வைத்த பிறகு என்னால் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் நிற்க முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மேனேஜரிடம் நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"கஸ்டமர் நிக்கிற எடத்துல நாம உக்காரக் கூடாதும்மா. அது நம்ம கடை வழக்கம். உனக்கு ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கால் வலின்னு வந்து நிப்பாங்க."

வந்தால் என்ன, கால் இருப்பவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும்? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிரிவில் என்னோடு இருவர். பெரியக்கா எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். வாயைத் திறந்தால் திட்டுதான். இன்னொருத்தி ஒட்டடைக்குச்சி. உயரத்தைப் பார்த்து வைத்த பட்டப்பெயர், அதற்குத்தான் திரும்புவாள். திரைச்சீலையை விரித்துக் காட்டுவது எங்கள் தொழில். இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி நிற்போம், வாங்க வந்தவர் எட்ட நின்று பார்ப்பார். அதையே பெரியக்கா எனக்காகச் செய்ய ஆரம்பித்தார். கூட்டமில்லாத நேரத்தில் அவர் ஒரு முனை, ஒட்டடைக்குச்சி மறு முனை. கேமராவுக்கும் எனக்கும் நடுவில் திரை. நான் அதன் பின்னால் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வேன்.

"போதும் எந்திரிடி, கை கழண்டு விழுது. மகாராணிக்குச் சாமரம் வீசுறது ஒண்ணுதான் பாக்கி," என்பார் பெரியக்கா. மறுபடி என் முகம் சுருங்கினால் அவரே முதலில் துணியைத் தூக்குவார்.

ஒருநாள் நல்ல கூட்டம். திரை பிடிக்க நேரமில்லை. வாடிக்கையாளர் முன்னாலேயே கால் மடங்கி விழுந்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கால் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அழுதேன். உடம்பில் குறை இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு எடுக்கக் கூடாது, அந்த ஆள் வேலை பார்க்கத் தேவையான வசதியை முதலாளிதான் செய்து தர வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது என்றாள் அவள்.

"சட்டம் இருக்கு. ஸ்டூலத்தான் காணோம்," என்றேன். ஆனாலும் தொழிலாளர் அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுத்தேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். அவருக்குக் கடுமையான ஜலதோஷம். மேனேஜர் லேப்டாப்பைத் திறந்து கடையின் கேமராப் படங்களை ஓட விட்டார்.

"பாருங்க மேடம். கடை தெறந்ததுலேர்ந்து சாத்துற வரைக்கும் நிக்கிறாங்க. ஒரு நாளாவது உக்காந்தாங்களா? நெஜமாவே வலின்னா எங்கயாவது உக்காந்திருக்கணுமே?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசி அதைத்தான் செய்திருந்தோம்.

கடையின் சாட்சிகளாகப் பெரியக்காவையும் ஒட்டடைக்குச்சியையும் கூட்டி வந்திருந்தார்கள். இருவரும் சுவரோரமாக நின்றார்கள். கேமராவை மறைத்தது தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். பெரியக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ஒட்டடைக்குச்சிக்குக் கைக்குழந்தை.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தை நிறுத்தினார். "கஸ்டமர் யாருமே இல்லையே. அப்புறம் ஏன் அடிக்கடி துணியை விரிச்சுப் பிடிக்கிறாங்க?"

மேனேஜர் அதைக் கவனித்ததே இல்லை போலிருக்கிறது, லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"தூசி தட்டுறதுக்கு மேடம்," என்றேன்.

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னால... நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

என் வேலைக்கு நானே கொள்ளி வைத்தாயிற்று. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

"பொய் சொல்றா மேடம்!" பெரியக்காவின் குரல் அறையை உலுக்கியது. "உக்காந்திருந்தா. நாங்கதான் மறைச்சோம். நிக்க முடியாம உதட்டக் கடிச்சுக்கிட்டு நிப்பா, பாத்தா பெத்த வயிறு எரியும். ஒரு ஸ்டூலப் போட்டிருந்தா எங்களுக்கு ஏன் மேடம் இந்தக் கூத்து?"

ஒட்டடைக்குச்சி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

என்னை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்டூல் தர வேண்டும், சாட்சி சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஸ்டூலும் வந்தது. நான் அதில் உட்கார்ந்த அன்று காலை பெரியக்கா பிரிவில் இல்லை. கீழ்த்தளத்துக் கிடங்கில் மூட்டை இறக்கப் போட்டிருந்தார்கள். ஒட்டடைக்குச்சியை மேல்மாடிக்கு மாற்றியாயிற்று.

"வேலைய விட்டு எடுக்கலையேம்மா?" என்றார் மேனேஜர். சிரித்துக்கொண்டே சொன்னார் பாவி.

சாப்பாட்டு நேரத்தில் அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சாட்சி சொன்னதுக்காக மாத்தினா அதுவும் பழிவாங்குறதுதான்மா. தனியாப் புகார் குடுக்கலாம்."

"மறுபடியும் மொதல்லேர்ந்தா மேடம்? அதுக்கப்புறமும் ஏதாவது செஞ்சாங்கன்னா?"

"அதுக்கும் குடுக்கணும்," என்றார். அவர் குரலும் ஓய்ந்துதான் இருந்தது.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கிடங்குக்கு இறங்கினேன். பெரியக்கா மூட்டையைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"சலிச்சுப் போச்சுக்கா. எனக்கு ஸ்டூலே வேணாம்னு எழுதிக் குடுத்துடுறேன். உங்க ரெண்டு பேரையும் பழைய எடத்துக்கே விட்டுடுவாங்க."

"அறைஞ்சேன்னா பாரு. அதுக்காடி நான் அங்க வாயத் தொறந்தேன்?" மூட்டையைத் தொப்பென்று போட்டார். மூச்சு வாங்கியது. "அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

சொன்னேன். நெற்றிப் பஞ்சை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, இந்தத் தடவ என் பேர்ல எழுது."

"நானாக்கா?"

"பின்ன? எனக்கு எங்க நேரம்? நீதான் உக்காந்திருக்கியே, எழுது."