புதினாவுக்கும் புல்லுக்கும் நடுவில்

மட்டாஞ்சேரியில் ஜாபர் சாதிக் வீட்டு முற்றத்துப் புல்வெளி நாலு பாய் விரிக்கிற அகலம்தான். ஆனால் மழை பிடித்துவிட்டால் அது வளர்கிற சத்தத்தில் வெலிங்டன் தீவுக் கப்பல்களில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன ஜூனில் அதற்குள் போன பூனை, திரும்பி வரும்போது மூன்று குட்டிகளோடு வந்தது. அதன்பிறகுதான் அவர் இடப்பள்ளிக்குப் போய்ப் புல்வெட்டும் மெஷின் வாங்கி வந்தார்.

மெஷின் நல்ல மெஷின். ஓரம்தான் வம்பு. புல்லை ஒட்டியே மனைவி ஜுமைலாவின் புதினாப் பாத்தி. ஓரத்துப் புல்லை எட்டிப் பிடிக்கப் போய் மூன்று தடவை புதினாவையும் சேர்த்துச் சிரைத்துவிட்டார். மூன்றாம் தடவை ஜுமைலா சத்தம் போடாமல் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவருக்குப் பயம் வந்தது அதில்தான்.

"மதி, போதும் உங்க வெட்டு. இன்னும் ஒரு இலை போச்சுன்னா முற்றம் முழுக்க சிமெண்ட்டு."

காலையில் சாயாவோடு அவர் வெறுங்காலில் நிற்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். பதறிப்போய், பள்ளுருத்தியில் குடியிருக்கும் தென்காசிக் கொத்தனார் தங்கதுரையை அழைத்து வந்தார். புல்லுக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு வரிசைக் கல். அதன்மேல் மெஷினின் ஒரு பக்கச் சக்கரம் ஓடினால் ஓரத்துப் புல் அறும், புதினா தப்பும் என்று விளக்கினார். தங்கதுரை தலையாட்டினார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் நிற்கிறது.

"தங்கதுரை, இதென்ன கோட்டையா?"

"கடல் பொங்கி ஏத்தத் தண்ணி வீட்டுக்குள்ள வர்ற ஊரு பாய். பதினோரு வருசமா இங்க கல்லை உசத்தி வச்சே பழகின கை. தாழ்த்துன்னா கேக்க மாட்டேங்குது."

"தண்ணியத் தடுக்க இல்லப்பா, சக்கரம் ஓட! மெஷினுக்கு ஏணியா வைக்க முடியும்?"

ஜன்னலிலிருந்து ஜுமைலா எட்டிப் பார்த்தாள். "விடுங்க. ஆளும் வந்தாச்சு, சிமெண்ட்டும் வந்தாச்சு. அப்படியே முற்றத்துக்கும் ஊத்திரலாம்."

ஜாபர் சாதிக் வேட்டியை மடித்துக் கட்டித் தாமே சுவரைப் பிரித்தார். தங்கதுரை நூல் கட்டி, பள்ளம் தோண்டி, ஜல்லி கொட்டி இடித்து, மணல் பரப்பினார். பிறகு ஏதோ உறவுக்காரரை அடக்கம் செய்கிற முகத்தோடு ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி மண்மட்டத்துக்கு இறக்கினார்.

மறுநாள் காலை மெஷின் ஓடியது. சக்கரம் கல்மேல் போன நேர்த்தியைப் பார்த்து, பக்கத்தில் போய்க்கொண்டிருந்த எறும்புகளும் வரிசையைச் சரிசெய்துகொண்டன. கடைசி இரண்டடி இருக்கும்போது அவர் மெஷினை நிறுத்தினார். பாத்தியிலிருந்து ஒரு புதினாக் காம்பு கல்லைத் தாண்டிப் புல்மேல் படுத்திருந்தது.

"ஜுமைலா!"

வந்தவள் காம்பையும், கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் புருஷனையும் பார்த்தாள்.

"எதுக்கு இப்படி நிக்கிறீங்க?"

"ஒரு இலை போச்சுன்னா சிமெண்ட்டுன்னியே."

அவள் குனிந்து காம்பைக் கிள்ளினாள். "நீங்க வெட்டினா சேதம். நான் கிள்ளினா சட்னி. ஓட்டுங்க."

அரையடி போனதும் இன்னொரு காம்பு. அவர் மறுபடி மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். அவள் திட்டிக்கொண்டே வந்து கிள்ளினாள். அடுத்ததற்கும் கூப்பிட்டார். காலைச் சாயா குடித்த கையோடு தொடங்கிய அந்த இரண்டடி, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது.