நடுவில் ஒரு கெப்பாசிட்டர்

எதிர்த்தரப்பின் பதில் மனு வந்த அன்று, எதிராளி விற்கும் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து கையில் ஏந்தி அத்தான் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அப்படியே என் சர்க்யூட்! காப்பியடிச்சுட்டு இல்லேங்கறானா?"

அவள் காப்புரிமை வழக்கறிஞர். அக்கா கணவரின் வழக்கு அவளிடம்தான் இருந்தது. 'வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுடன் இணைக்கப்பட்ட ஸ்பீக்கர்' என்றது அவருடைய காப்புரிமை. எதிராளியின் பெட்டியிலும் எல்லாம் அதேதான். ஆனால் டிரான்சிஸ்டர்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருந்தது.

"நடுவுல ஒண்ணு இருந்தா இணைப்பு இல்லேன்னு ஆயிடுமா?"

"அதுவும் இணைப்புதான்னு வாதாடலாம் அத்தான். ஆனா பழைய ரேடியோவுலகூட அப்படித்தானே இருக்கு? ஏற்கெனவே இருந்ததுக்கு எதுக்குக் காப்புரிமைன்னு உங்களோடதையே ரத்து பண்ணச் சொல்றாங்க."

"நீ யார் பக்கம்?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்குப் போனாள். "என்னடி சொன்னே? மனுஷன் உர்ருன்னே இருக்கார்" என்று அக்கா பின்னறையைக் காட்டினாள். அங்கே அத்தான் சால்டரிங் வேலையில் இருந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க அத்தான். நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். கெப்பாசிட்டர் அடித்தொனியை விழுங்குகிறதென்று அதைக் கழற்றினாராம். நேர்மின்சாரத்தைத் தடுக்க அது இல்லாததால் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கருகின.

"ஜன்னல் திரையும் சேர்ந்துதான்" என்றாள் அக்கா, வாசற்படியிலிருந்து.

பிறகுதான் ஸ்பீக்கர் கருகாமல் காக்கும் வழி பிடிபட்டது. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அதை எடுத்ததுதானே என் வேலையே?"

"அதையே கோர்ட்ல சொல்லலாம், காப்புரிமை தப்பிச்சுடும். ஆனா அப்புறம் அவங்களைப் பிடிக்க முடியாது."

சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தார். "போகட்டும். அவன் கெப்பாசிட்டரை அவனே வெச்சுக்கட்டும்."

நீதிமன்றத்தில் அவள், 'இணைக்கப்பட்ட' என்றால் இங்கே நேரடியாக மட்டுமே என்றாள். நடுவே கெப்பாசிட்டர் உள்ள பழைய ரேடியோ வரைபடங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வாதாட எதுவும் மிஞ்சவில்லை. காப்பியடித்ததாகக் கொள்ள முடியாது, ஆனால் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பானது. கெப்பாசிட்டர் இல்லாமல் இயங்குவதே இந்தக் கண்டுபிடிப்பு என்ற வரியை அத்தான் தாழ்வாரத்தில் நின்று இரண்டாம் முறையும் படித்தார்.

எதிராளி நிறுவனத்தின் இன்ஜினியர் தயங்கித் தயங்கி வந்தார். "ஸ்பீக்கர் கருகாம எப்படி சார் சமாளிச்சீங்க?"

"எல்லாம் காப்புரிமையிலேயே இருக்கே, படிக்கலையா? உட்காருங்க, வரைஞ்சே காட்டறேன்."

அவள் கைப்பேசி அடித்தது. அக்கா. "தோத்துட்டோமாமே! ரொம்ப இடிஞ்சுபோயிட்டாராடி?"

"வாய் ஓயல அக்கா. நாங்க வர லேட்டாகும்."