வண்டியில் ஒட்டிய படம்

"கையெழுத்துதானே கேக்குறாங்க? கிட்னியையா கேக்குறாங்க?" என்றான் அண்ணன்.

சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு மூன்று டிரிப் புத்தகங்களை அடுக்கியிருந்தான். ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி வண்டியில் வைத்திருக்கும் புத்தகங்கள். நோயாளியின் பெயர், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், கொடுத்த முதலுதவி, கடைசியாக 'உடன் சென்ற பாராமெடிக்' என்று ஒரு கோடு. எல்லா இடமும் காலி. அந்தக் கோட்டில் மட்டும் தங்கை இப்போதே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மொத்தம் முந்நூறு தாள்.

"வண்டியில யார் போவா?" என்று தங்கை கேட்டாள்.

"அவங்க ஆளு போவான். உன் லைசென்ஸ் கார்டு போட்டோவோட வண்டிக்குள்ள ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். செக்கிங்ல பாக்குறது கார்டைத்தான், ஆளை இல்ல."

"படிச்சது இவ, வேலைக்குப் போறது இவ போட்டோவா?" என்றாள் அண்ணி, தட்டுகளை எடுத்தபடி. "நல்லா இருக்கே கதை."

"நீ கொஞ்சம் சும்மா இரு. ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

அவன் சொன்னது பொய் இல்லை. அவளோடு பாராமெடிக் படித்துத் தேறியவர்கள் முப்பது பேர். அதில் இருபது பேருக்கு மேல் இப்படி ஏதாவது கம்பெனி வண்டிக்குக் கார்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். 'கார்டு போடுறது' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன், நெட்டையன் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன், லைசென்ஸ் வந்த மாதமே கார்டு போட்டுவிட்டு ஒரு செல்போன் கடையில் கவர் விற்கப் போய்விட்டான். யாருக்கும் இதில் வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் கம்பெனி வைத்து நடத்துகிறவர்கள், அவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவளுக்கு லைசென்ஸ் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினொரு இடத்தில் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு: ஒரு வருட அனுபவம் வேண்டும், இல்லையென்றால் இருநூறு டிரிப் போயிருக்க வேண்டும். முதல் டிரிப்புக்கு யார் ஏற்றிக்கொள்வார்கள் என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஒரு மேனேஜர் மட்டும், பெண்களால் ஸ்ட்ரெச்சர் தூக்க முடியாதே என்று வருத்தப்பட்டார். பரீட்சையில் நெட்டையனைப் படுக்கவைத்து மூன்று மாடி இறக்கியவள் அவள். அதை அவரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு வேறு போன் பேசப் போய்விட்டார்.

அண்ணன் கெட்டவன் அல்ல. பதினொரு இடத்துக்கும் அவளை பைக்கில் கூட்டிப்போய், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்துக் கிடந்தவன் அவன்தான். திரும்பி வரும்போது ஒரு தடவைகூட என்ன ஆச்சு என்று கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான்.

"இருநூறு டிரிப் உன் பேர்ல ஏறட்டும்" என்றான் இப்போது, குரலைத் தணித்து. "அப்புறம் அரசாங்க ஆம்புலன்ஸ் வேலைக்கு நிமிர்ந்து போகலாம். நிஜமான வேலை. அதுக்கு ஒரு படிக்கட்டுன்னு நினைச்சுக்கோ."

அவள் பேனாவை எடுத்தாள். நாற்பதாவது தாளில் அது அவள் பெயராகத் தெரியவில்லை. நூறாவது தாளில் வெறும் கிறுக்கலாகிவிட்டது. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஐந்து மாதம் அவள் எதுவும் செய்யவில்லை. துணி துவைத்தாள், காயப்போட்டாள், மடித்தாள். தெருவில் யாருக்காவது தலை சுற்றினால் வந்து கூப்பிடுவார்கள், போய் பிரஷர் பார்த்துவிட்டு வருவாள். முதலில் சைரன் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவாள். பிறகு தலையை மட்டும் தூக்கினாள். பிறகு அதுவும் இல்லை. அழுகையாவது வந்திருக்கலாம், வரவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் அவளைப் பார்த்தால் விடமாட்டார். அவளுடைய கருநீல யூனிபார்மைத் தைத்தவர் அவர். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்பது பாக்கெட் வச்சுத் தச்சேனே, ஒண்ணுலயாவது வேலை வந்து விழுந்துச்சா?" என்பார்.

"இன்னும் ஒரு பாக்கெட் சேத்து வைங்க, பாக்கலாம்" என்பாள். அன்றைக்கு அவள் பேசுகிற பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணி வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

"தையல்காரருக்கு மூச்சு முட்டுதாம். அவர் வீட்டம்மா கத்துறாங்க. சீக்கிரம் போ."

ஈரக் கையோடு ஓடினாள். தையல்காரர் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து கிடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு கொரகொரவென்று இழுத்தது. அவள் அவரைத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள், கால்களைத் தொங்கவிட்டாள், கழுத்தில் சுற்றியிருந்த அளவுநாடாவை எடுத்தாள். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு" என்றாள் அவர் மனைவி.

வண்டி வந்தது. டிரைவரும், கூட ஓர் உதவியாளனும் இறங்கினார்கள். உதவியாளன் பலசாலி, அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி ஸ்ட்ரெச்சரில் தட்டையாகப் படுக்கவைத்து பெல்ட்டைக் கட்டினான். தையல்காரர் திணறினார்.

"படுக்க வைக்காதீங்க. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கும் போலிருக்கு. தலைப்பக்கத்தைத் தூக்குங்க" என்றாள் அவள்.

"எங்களுக்குத் தெரியும்மா, தள்ளுங்க." வண்டிக்குள் ஏற்றி, மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினான். அவள் பின்னாலேயே ஏறக் காலை வைத்தாள். அவன் கையை நீட்டி மறித்தான்.

"யாரும் ஏறக் கூடாது மேடம். நோயாளிகூட லைசென்ஸ் இருக்கிறவங்க மட்டும்தான் வரலாம். ரூல்."

அவன் தலைக்கு மேலே, வண்டிச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் அவள் படம் இருந்தது. லைசென்ஸுக்காக எடுத்த படம், காது தெரிய முடியை வாரிக் கட்டியிருந்தாள். அவள் அதைப் பார்த்தாள். அவன் அவள் பார்வை போன திசையில் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது.

அவள் ஏறினாள். சிலிண்டர் திறந்துதான் இருந்தது. ஆனால் ஆக்ஸிஜனின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் மிதக்க வேண்டிய சிறு குண்டு அடியில் கிடந்தது. குழாய்க்குக் கீழே இருந்த திருகை யாரும் திறக்கவில்லை. மாஸ்க்குக்குள் ஒன்றுமே போகவில்லை. அவள் திருகினாள், குண்டு மேலே ஏறியது. ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை நிமிர்த்தினாள். வழி நெடுக அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனாள்.

"அந்தத் திருகு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது மேடம்" என்றான் உதவியாளன். "நான் காய்கறி லாரியில மூட்டை ஏத்திட்டு இருந்தவன். யாரும் சொல்லித் தரல."

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. யார் மேலும் வரவில்லை.

உட்காரவைத்துக் கொண்டுவந்ததால்தான் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வாசலில் நின்ற வண்டிக்கு அவள் திரும்பினாள். உதவியாளன் டிரிப் புத்தகத்தில் அன்றைய தாளை நிரப்பிக்கொண்டிருந்தான். கீழே அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவது டிரிப். அவள் புத்தகங்களை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினாள். மூன்று தாள்களில் 'வழியில் இறப்பு' என்று எழுதியிருந்தது. ஒன்றில் வயது முப்பத்தொன்று, மூச்சுத் திணறல், 'ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டது'. கீழே அவள் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

பிளாஸ்டிக் உறையிலிருந்து கார்டை உருவினாள்.

"கார்டை எடுத்துட்டா வண்டி ஓட முடியாது மேடம்."

"தெரியும்" என்றாள்.

வீட்டில் அண்ணன் கத்தவில்லை. ஆம்புலன்ஸ் கம்பெனி முதலாளியிடம் அரை மணி நேரம் போனில் கெஞ்சிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எடுத்தது எடுத்துட்ட. போகட்டும். அரசாங்க லிஸ்ட்ல உன் பேர்ல இருநூத்திப் பன்னிரண்டு ஏறியிருக்காம். அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கு. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும். அது உன்னால முடியாதா?"

அண்ணி ஆணியில் தொங்கிய யூனிபார்மை எடுத்துப்போய் இஸ்திரி போட்டுவந்து வைத்தாள்.

இன்டர்வியூ அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி மட்டும் இருந்தார். களைத்த மனிதர், கெட்டவராகத் தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இருநூறு தாண்டியாச்சு. தகுதி இருக்கு. மார்க்கும் நல்ல மார்க். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்குறேன், எத்தனை டிரிப் போயிருக்கீங்க?"

"ஒண்ணு."

அவர் நிமிர்ந்தார். "இங்க இருநூத்திப் பன்னிரண்டுன்னு இருக்கேம்மா."

"மத்ததுக்கெல்லாம் என் போட்டோதான் சார் போச்சு. அதுல மூணு பேர் வழியில செத்திருக்காங்க. அவங்க பேரெல்லாம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

ஒன்பது பாக்கெட்டுகளில் ஒன்றிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கே உங்களுக்கு வேலை" என்றார் மெதுவாக. அவருக்கு அது நிஜமாகவே வருத்தம்தான். பேனாவை எடுத்து அவள் விண்ணப்பத்தின் மேல் 'போதிய அனுபவம் இல்லை' என்று எழுதினார்.

"அந்தத் தாளு உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கதவருகே அடுத்த ஆள் எதிரே வந்தான். நெட்டையன். அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். கையில் ஓராண்டு அனுபவச் சான்றிதழ் லேமினேட் செய்து பளபளத்தது. பத்து நிமிடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது.